உனக்காக வைத்திருந்த அறை

மகனே,

உன் காகிதம் போன வாரம் வந்தது. வருகிற பங்குனியில் அம்மாவின் முதல் திவசத்துக்குக் குடும்பத்தோடு வர நினைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். கப்பலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் என்னிடமிருந்து ஓர் எழுத்து வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். 'என் மகனுக்கென்று இந்திய நாட்டில் தங்குமிடம் எதுவும் என்னால் வைத்துப் பராமரிக்கப்படவில்லை' என்ற வாசகத்தை நீயே இங்கிலீஷில் டைப் அடித்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கோடும் போட்டு அனுப்பியிருக்கிறாய். நான் போட்டால் நீ வருவாய். போடாவிட்டால் வரமாட்டாய். நீ அப்படி எழுதவில்லை. ஆனால் நாற்பது வருஷம் ரிஜிஸ்டர் கச்சேரியில் ஆதாரப் பத்திரங்களைப் படித்தவன் நான். எழுதாமல் விட்ட நிபந்தனை எது என்று எனக்குத் தெரியும்.

கையெழுத்து என்பது எனக்கு எப்போதும் பயமான காரியம். மற்றவர்கள் நிலத்தை எழுதிக்கொடுக்கும்போது ஒரே வீச்சில் போட்டுவிட்டு வெற்றிலை வாங்கப் போய்விடுவார்கள். நான் பால் கணக்கில் கையெழுத்துப் போடுவதற்குக்கூட இரண்டு தரம் வாசிப்பேன். அதனால் உன் காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அந்த வாசகம் உண்மைதானா என்று முதலிலிருந்து யோசித்துப் பார்த்தேன். யோசித்ததையே எழுதுகிறேன். இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்றில்லை. பினாங்கில் உங்கள் சங்கத்தில் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இருப்பதாகவும், பலரும் ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வந்தவர்கள் என்றும் நீ முன்பு எழுதியிருந்தாய். அவர்களுக்கும் வாசித்துக் காட்டு. சிலருக்கு அப்பாக்கள் இருப்பார்கள்.

வடசேரி வீட்டை நீ கட்டியது சுதந்திரம் வந்த வருஷம். அப்போது நீ நாகர்கோவிலில் பாங்கு வேலையில் இருந்தாய். நானும் அம்மாவும் தாழக்குடியில் இருந்தோம். வேலையாட்களைப் பார்த்துக்கொள்ள நான் தினமும் பஸ் ஏறி வந்தேன். மணலில் உப்பு இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்ததற்குக் கொத்தனார் என்னைக் கேலி செய்தார். மூன்று வருஷம் கழித்து உனக்குக் கப்பல் கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்து நீ பினாங்குக்குப் போனபோது, வீட்டைக் கோட்டாறு கம்பளம் சந்தையில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் அபூபக்கருக்கு வாடகைக்கு விட்டோம். ஒப்பந்தம் எழுதியது நான். அதில் தெற்கு ஓரத்து அறை நீங்கலாக என்று ஒரு வரி சேர்த்ததும் நான்தான்.

அந்த அறையில் உன் கட்டில், மேசை, நீ விட்டுப்போன சட்டைகள், பிள்ளைகளின் தொட்டில் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டினேன். ஒரு சாவி உன்னிடம், ஒன்று என்னிடம். மாதம் ஒருதரம் வாடகை வாங்கப் போகும்போது திறந்து, பெருக்கி, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைப்பேன். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பூட்டிப் போட்ட முறிக்கு மாசா மாசம் போயி தூத்துக் குடுக்கியளே, இங்க எனக்க அடுக்களைய ஒரு நாளு தூத்துக் குடுத்ததுண்டா?" என்று கேட்பாள். அதையும் வாடகைக்கு விட்டால் உன் தங்கையின் கல்யாணத்துக்கு ஆகுமே என்பாள். எதற்கும் அவளுக்கு எதிர்வார்த்தை சொல்லாத நான், இதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்.

அதன் காரணத்தை உன்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும். நீ பிறந்து வளர்ந்தபோது மருமக்கவழிச் சட்டம் மாறிவிட்டது. நான் அதன் கீழ் பிறந்தவன். என் அப்பா ஒரு பெரிய வீட்டை ஆளும் மூத்தவர், காரணவர். பத்தாயமும் பசுக்களும் கொண்ட அந்த வீட்டில்தான் நானும் பிறந்தேன். ஆனால் வீடு அப்பாவின் சகோதரி பிள்ளைகளுக்கு உரியது. எங்களுக்கு உரியது அப்பா இருக்கும்வரை சாப்பாடு, அவர் போன பிறகு உகந்துடைமை என்று மக்களுக்கு விடும் சிறு பங்கு. நான் திருவனந்தபுரத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்தார். காரியங்கள் முடிந்த மறுநாள் ஆற்றில் குளித்துவிட்டு வந்தால், என் புத்தகப் பெட்டி முற்றத்தில் இருந்தது. அத்தை மகன் வாசலில் நின்றான். அவன் கெட்டவன் இல்லை. சின்ன வயதில் என்னோடு பம்பரம் விட்டவன். "பெட்டிய எடுத்துக்கிடும். மாமா இருந்தாரு, நீரும் இருந்தீரு. இனி இங்க உமக்கு என்ன சோலி?" என்றான். சட்டப்படி அவன் சொன்னது சரி. நான் பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தெரியாதவன் என்று நீயும் அம்மாவும் என்னைச் சொல்வீர்களே, அது அன்றைக்கு ஏற்பட்டதோ, பிறவியிலேயே இருந்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு ஒரு மகன் பிறந்தால், அவன் எங்கே போனாலும் திரும்பி வந்து சாவி போட்டுத் திறக்க ஓர் அறை இருக்க வேண்டும் என்று அந்த முற்றத்தில் நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

நீ போன சமயத்தில்தான் மத்திய சர்க்காரின் வருமான வரிச் சட்டம் நம் பக்கத்துக்கும் வந்தது. பகுதிக் கச்சேரியில் நிலவரியான கரம் தீர்த்து ரசீது வாங்குவது மட்டுமே அதுவரை நமக்குப் பழக்கம். புதிய சட்டத்தில், வெளிநாட்டில் இருப்பவனுக்காக உள்ளூரில் வாடகை வாங்குகிறவனையே அவனுடைய ஏஜெண்டாக வைத்துக் கணக்குக் கேட்கலாம் என்று இருந்தது. நோட்டீஸ் என் பெயருக்கு வந்தது. அம்மா பயந்துபோய் விளக்கேற்றினாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். பென்ஷன் வாங்கி வீட்டில் சும்மா இருந்தவனுக்கு மறுபடியும் ஒரு பைல் கிடைத்தது. வக்கீல் நண்பர் ஒருவரிடம் சட்டப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்து, பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். வாடகை, முனிசிபல் வரி, பழுதுபார்க்கக் கழிவு எல்லாவற்றையும் முறையாக எழுதி வருஷந்தோறும் கொடுத்தேன். இங்கே வரும் வாடகைக்கு மட்டும்தான் வரி. உன் பினாங்குச் சம்பளத்தை யாரும் கேட்கவில்லை. நீயும் 'அப்பா இருக்கும்போது எனக்கு என்ன கவலை' என்று எழுதினாய். அந்தக் காகிதத்தை நான் அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

உன் தங்கையின் கல்யாணத்துக்கு நீ வந்தாயே, அப்போதுதான் வந்தது வினை. கொஞ்ச நாள்தான் இருந்தாய். அந்த நாட்களில் உன் அறையைத் திறந்து, உன் கட்டிலில் படுத்தாய். அபூபக்கர் வீட்டில் உனக்குக் காலையில் ஆப்பம் கொடுத்தார்கள். அடுத்த முறை நான் கணக்குக் கொடுத்தபோது, முனிசிபாலிட்டி முழு வீட்டுக்கும் போட்ட மதிப்பு அதிகமாகவும், நாம் வாங்கும் வாடகை குறைவாகவும் இருப்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டுமே என்று, ஒரு தனித்தாளில், 'ஓர் அறை என் மகனின் உபயோகத்துக்காக வாடகைக்கு விடப்படாமல் வைக்கப்பட்டுள்ளது. இந்த வருஷம் அவர் வந்து அதில் தங்கினார்' என்று எழுதிச் சேர்த்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. வாடகையை மறைத்ததாகச் சந்தேகப்பட்டுவிடுவார்களோ என்ற பயம். வக்கீல் நண்பர் பிறகு நகலைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஓய், கேக்காத கேள்விக்குப் பதில் எழுதிக் குடுக்க ஆளு இந்த ஜில்லாவுல நீரு ஒருத்தருதான்வே" என்றார்.

சட்டத்தில் அந்த இடத்தை நானும் படித்திருந்தேன். ஆனால் உன்னோடு சேர்த்துப் படிக்கவில்லை. ஒருவனுக்கென்று இந்த நாட்டில் ஒரு தங்குமிடத்தை வருஷத்தில் பாதிக்கு மேல் யாராவது வைத்திருந்து, அதே வருஷத்தில் அவன் ஒருநாளாவது இந்த மண்ணில் கால் வைத்தால், அவன் இங்கே வசிக்கிறவன். அறை மட்டும் இருந்தால் ஒன்றுமில்லை. வருகை மட்டும் இருந்தாலும் அநேகமாக ஒன்றுமில்லை. இரண்டும் சேர்ந்தால் உலகத்தில் எங்கே சம்பாதித்ததும் இந்தக் கணக்கில் வந்துவிடும். இரண்டும் சேர்ந்ததை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

என்னை ஆபீசுக்கு அழைத்தார்கள். அதிகாரி உன் வயதுக்காரர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார். அவரிடம் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. "அந்த ரூம்ல கட்டில் இருக்கா சார்?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சாவி யாரிடம் என்றார். அவனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று என்றேன். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் தாழ்ந்த குரலில், "வீட்டுச் சாமான் போட்டு வைக்கிற ஸ்டோர் ரூம்னு சொல்லலாமா? யோசிச்சுச் சொல்லுங்க சார், அவசரம் இல்ல" என்றார். அவர் எனக்கு ஒரு வழி காட்டினார் என்பது வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்போதுதான் விளங்கியது. அங்கே உட்கார்ந்திருந்தபோது என் மகனின் அறையை ஒருவர் சாமான் போடும் அறை என்கிறாரே என்று மட்டும்தான் பட்டது. "இல்லை. அது அவன் முறி. அவன் வந்தால் வேறெங்கே படுப்பான்?" என்றேன். வாழ்நாளில் ஓர் அதிகாரிக்கு நேராக நான் குரலை உயர்த்திப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அந்த வருஷச் சம்பளம் முழுவதற்கும் கணக்குக் கேட்டார்கள். அங்கே ஏற்கெனவே வரி பிடித்த சம்பளம். அதற்குக் கழிவு உண்டு என்றார்கள். அதற்கான சான்றுகளை அங்கிருந்து வாங்க நீ அலைந்தாய். கழிவு போக மிச்சத்தைக் கட்ட, வந்த வாடகையெல்லாம் போயிற்று. பெரியவனைக் கான்வென்டில் சேர்ப்பதைத் தள்ளிப்போட்டதாக மருமகள் எழுதினாள். உனக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் நீ எழுதிய ஒரு வரி இன்னும் எனக்கு மனப்பாடம். 'அந்நியன் ஒருவனை ஏஜெண்டாக வைத்திருந்தால் எனக்கு இந்த நஷ்டம் வந்திராது.' இதை உங்கள் சங்கத்தில் வாசிக்கும்போது அழுத்தி வாசி. ஏனென்றால் இது நல்ல புத்திமதி. வெளிநாட்டுக்குப் போகிறவன் தன் வீட்டுக் கணக்கைப் பார்க்க அப்பாவை வைக்கக்கூடாது. கூலிக்கு ஓர் ஆளை வைக்க வேண்டும். அவன் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுவான். மாதத்துக்கு ஒருதரம் மெத்தையை வெயிலில் போடமாட்டான்.

அப்போதே அறையை விட்டுவிடும்படி எழுதினாய். நான் சரி என்று எழுதினேன். செய்யவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். நீ வராத வருஷத்தில் அறை இருந்தால் ஒன்றும் ஆகாது என்று சட்டத்தையே எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொண்டேன். கூச்ச சுபாவம் உள்ளவர்களின் பிடிவாதம் இப்படித்தான் இருக்கும். எதிர்த்துப் பேசமாட்டோம். தலையை ஆட்டிவிட்டுச் செய்யாமல் இருப்போம். அதற்கு என்ன விலை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

போன தை மாதம் அம்மா படுத்தாள். வயிற்றில் கட்டி. கத்தி வைக்கிற நிலை தாண்டிவிட்டது என்று நாகர்கோவில் டாக்டர் சொன்னார். மாசிக் கொடை விழாவுக்கு மண்டைக்காட்டுக்கு வருவதாக அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். போக முடியாதே என்பதுதான் அவளுக்குப் பெரிய குறை. உனக்கு உடனே எழுதினேன். நீயும் உடனே பதில் எழுதினாய். லீவு கிடைக்கும் என்று எழுதினாய். அம்மாவுக்கு ஆரஞ்சுச் சாறு கொடுக்கச் சொன்னாய். கடைசியில், 'அறை இன்னும் இருக்கிறதா? நான் மார்ச்சு முடிவதற்குள் வந்தால் போன தடவை மாதிரி ஆகுமா? சட்டத்தைப் பார்த்து எழுதவும்' என்று கேட்டிருந்தாய்.

நான் சட்டத்தைப் பார்த்தேன். அம்மா பக்கத்துக் கட்டிலில் முனகிக்கொண்டிருக்க, நான் புத்தகத்தைப் புரட்டினேன். உனக்கு என்ன எழுதினேன் என்று நகல் வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் நகல் வைப்பவன் ஆயிற்றே. 'அறை இன்னும் இருக்கிறது. மார்ச்சோடு முடியும் இந்தக் கணக்கு வருஷத்தில் பாதிக்கு மேல் ஆகிவிட்டதால் இப்போது விட்டாலும் பலனில்லை. மார்ச்சு முடிவதற்குள் வந்தால் சம்பளம் முழுவதும் கணக்கில் வரும். அறையை விட்டுவிட்டு, ஏப்ரலில் வந்தால் வராது. தாயாரின் நிலைமை கவலைக்கிடம். தக்கபடி முடிவு செய்யவும்.' கச்சேரியில் மேலதிகாரிக்கு எழுதுகிற அதே நடை. 'வா' என்ற ஓர் எழுத்தை எழுத என் கை போகவில்லை. போன தடவை நான் கேட்காததற்குப் பதில் எழுதி உனக்கு நஷ்டம் செய்தேன். இந்தத் தடவை கேட்டதற்கு மட்டும் பதில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். என் புத்தி அந்த அளவில்தான் வேலை செய்தது. ஆனால் மகனே, அந்தக் கேள்வியைக் கேட்டவன் நீ. வெகுநாள் அதை ஒதுக்கி வைத்துப் பார்த்தேன். முடியவில்லை. தாய் சாகக் கிடக்கிறாள் என்ற காகிதத்தைப் படித்துவிட்டு, நீ மார்ச்சு மாதத்தைப் பற்றிக் கேட்டாய்.

'சித்திரையில் வருகிறேன்' என்று உன் பதில் வந்தது.

அம்மா தினமும் கேட்டாள். கப்பலில் இடம் கிடைக்கவில்லையாம், சித்திரையில்தான் அடுத்த கப்பலாம் என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு எலும்பாகப் போனபிறகும் அவளுடைய கண்ணில் கேலி குறையவில்லை. "உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது கேட்டியளா. காது செவந்து போகுது" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "இந்தப் பொய்ய அந்த ஆபீசர்கிட்டச் சொல்லியிருந்தா எம்மவன் இப்ப இங்க இருப்பான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு கூடிப்போனதைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஆகவே அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டுதான் தினமும் கேட்டாள்.

மார்ச்சு முடிவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது இறந்தாள். தந்தி அடித்தோம். ஊர்க்காரர்கள் மகன் வருவானா, உடம்பை எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். பினாங்கு தூரம், வைக்க வேண்டாம் என்றேன். உன் சித்தி மகன் கொள்ளி வைத்தான். ஒரே மகன், அவனும் கடல் தாண்டிக் கிடக்கிறான் என்று எல்லாரும் உனக்காகப் பரிதாபப்பட்டார்கள். கடலைத்தான் குற்றம் சொன்னார்கள். நான் திருத்தவில்லை. அதிகாரியிடம் சாமான் அறை என்று சொல்ல முடியாத என்னால் அன்றைக்கு ஊர் முழுவதற்கும் முன்னால் சும்மா இருக்க முடிந்தது. சித்திரையில் நீ வரவில்லை. 'அம்மாவே போன பிறகு அவசரமாக வந்து என்ன ஆகப்போகிறது' என்று எழுதினாய். வருத்தத்தில்தான் எழுதியிருப்பாய். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள முயன்றேன்.

அந்தச் சித்திரையிலேயே வடசேரிக்குப் போனேன். அபூபக்கரிடம் தெற்கு அறையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் துக்கத்துக்கு வந்து முற்றத்தில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றவர். நான் சொன்னதைக் கேட்டதும் கையை ஆட்டினார். "அது வேண்டாம் பிள்ளைவாள். அது உங்க மகனுக்க முறி. நான் இருக்கியது வாடகை வீடு, அதுல அவருக்கு ஒரு முறி கெடக்கட்டும், எனக்கு ஒரு எடைஞ்சலும் இல்ல" என்றார். நான் சட்டத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பெரிய வியாபாரி, வரி தெரியாதவர் இல்லை. கேட்டுவிட்டு, "அப்போ மகனுக்கு எடமில்லேன்னு ஆனாத்தான் மகன் வரமுடியும். அப்படித்தானே?" என்றார். அப்படித்தான் என்றேன். அவர் அதற்குரிய வாடகையைக் கூட்டிக் கொடுத்து, புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். உன் கட்டிலையும் மேசையையும் விற்றேன். சட்டைகளை உன் தங்கை எடுத்துப்போனாள். இப்போது அந்த அறையில் அவருடைய மகள் பிரசவித்துப் படுத்திருக்கிறாள். போன மாதம் வாடகை வாங்கப் போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே பிள்ளை அழுதது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஆக, வடசேரி வீட்டைப் பொறுத்தவரை உன் வாசகம் சரி. என் தயக்கம் தாழக்குடி வீட்டைப் பற்றியது. இங்கே நான் தனியாக இருக்கிறேன். அம்மா படுத்திருந்த அறை காலியாக இருக்கிறது. சித்திரையிலிருந்து அதைப் பெருக்கி, கட்டிலைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். யாருக்காக? இந்தக் கேள்வியை வக்கீல் நண்பரிடமே போய்க் கேட்டேன். அவர் இப்போது கொடி கட்டிக்கொண்டு திரிகிறார். நம் நாலு தாலுகாவும் மதராஸோடு சேர்ந்துவிட்டதில் அவருக்கு வயது குறைந்துவிட்டது. "சும்மா கெடக்க முறிய எல்லாம் தங்குமிடம்னு சொல்லப் பாக்கீரே. மனசுல யாருக்காக வச்சிருக்கீருன்னு இன்கம்டாக்ஸ்காரன் கேக்க மாட்டான்வே. கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டுப் பிள்ளையப் பாரும்" என்றார். அவர் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடப்போவது நான். எதிரே உட்கார்ந்து ஒருவர் கேட்டால், அது என் மகனின் அறைதான் என்று மறுபடியும் சொல்லிவிடுவேன் என்று எனக்கு என்மேல் பயம்.

அதனால் நான்கு நாட்களுக்கு முன்பு ஆள் வைத்து அந்தக் கட்டிலை வெளியே எடுத்தேன். அறுப்பு நெருங்குகிறது, நெல் போட இடம் வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு சீட்டு எழுதிக்கொடுத்து அறையை ஒப்படைத்தேன். சாவியும் அவரிடம். அதன் பிறகு மேசையில் உட்கார்ந்து உன் வாசகத்தை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தேன். 'என் மகனுக்கென்று' சரி. 'தங்குமிடம் எதுவும்' சரி. 'வைத்துப் பராமரிக்கப்படவில்லை' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் ஆயிற்று. பாதி வருஷத்துக்கு மேல் அம்மாவின் அறையைப் பெருக்கினேன்தான்; ஆனால் வக்கீல் சொன்னபடி அது சும்மா கிடந்த முறி. பொய்யான சொல் ஒன்றும் அகப்படவில்லை. கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நகல் என்னிடம் இருக்கிறது.

ஆகவே நீ வரலாம். கப்பலுக்குப் பணம் கட்டு. திவசத் திதி மார்ச்சு முடிவதற்குள்ளாகத்தான் விழுகிறது. இந்தத் தடவை அதனால் உனக்கு நஷ்டம் இல்லை. வந்த தேதி, போகிற தேதி பாஸ்போர்ட்டில் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று துறைமுகத்திலேயே பார்த்துக்கொள். எங்கே தங்கினாய் என்று பின்னால் கேட்டால் காட்ட ரசீது வாங்கி வை. நாகர்கோவிலில் மணிமேடைப் பக்கம் குடும்பத்தோடு தங்குகிறவர்களுக்கு அறை கொடுக்கும் ஒரு லாட்ஜில் விசாரித்தேன். சுத்தமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு வெந்நீர் கொடுப்பார்கள். முன்பணம் அனுப்பினால் பிடித்து வைப்பார்களாம். அதை உன் பெயரில் நீயே அனுப்பிவிடு. நான் கட்டினால், அது உனக்காக நான் வைத்திருந்த இடமாகிவிடும்.

அப்பா